ஒரு கல்லுக்குள் காற்றும் தண்ணீரும்

போன கிழமை சாவகச்சேரி ஆஸ்பத்திரியில் என் இடது கையில் ஊசி குத்தி, தலைக்கு மேலே ஒரு சேலைன் போத்தலைத் தொங்கவிட்டார்கள். பெரிய வருத்தம் ஒன்றுமில்லை. சித்திரை வெயிலில் குளத்தடியில் நின்று வாதாடிக்கொண்டிருந்தவள் தண்ணீர் குடிக்க மறந்து மயங்கிவிட்டாள், அவ்வளவுதான். வாழ்நாள் முழுவதும் தண்ணீரைப் பற்றியே பேசியவளுக்கு உடம்பில் தண்ணீர் குறைந்துபோனதில் வைத்தியருக்கு ஏதோ நகைச்சுவை தெரிந்தது. எனக்குத் தெரியவில்லை.

தாதிப் பிள்ளை குழாயின் நடுவில் இருந்த சின்னச் சில்லைப் பெருவிரலால் உருட்டி, துளி விழும் வேகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

“பிள்ளை, அது கொஞ்சம் வேகமாப் போகுது,” என்றேன்.

“அம்மா முந்தி நேர்ஸா இருந்தனீங்களோ?”

“இல்லை. கல்லுகளுக்குச் சேலைன் ஏத்தினனான்.”

அவள் என் பெறாமகளை, என் தங்கச்சியின் மகளை, திரும்பிப் பார்த்தாள். “பயப்பிடாதேங்கோ, தெளிவாத்தான் இருக்கிறா. அவ எப்பவும் உப்பிடித்தான்,” என்று பெறாமகள் சொன்னாள். சிநேகிதி, நீர் பக்கத்தில் நின்றிருந்தால் அந்தச் சில்லை எவரையும் கேளாமல் அரைவாசி இறுக்கியிருப்பீர். பிறகு தாதியோடு சிநேகமாகி, அவளுடைய ஊர், தாய் தகப்பன், கலியாணப் பேச்சு எல்லாம் விசாரித்திருப்பீர்.

கடிதம் எழுதுவதில் எனக்கு நம்பிக்கை குறைவு. இறந்தவர்களுக்கு எழுதுவது அதைவிட வீண். ஆனால் உயிரோடு இருந்த காலத்திலும் நீர் என் கடிதங்களுக்குப் பதில் போட்டதில்லை. நேரே வந்து கதவைத் தட்டி, எழுதியதில் எது பிழை என்று சொல்லிவிட்டுப் போவீர். ஆகவே இப்போதைய நிலை முற்றிலும் புதிதல்ல. கட்டிலில் கிடந்து துளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, உமக்கு ஒரு முடிவை அறிவிக்கவேண்டியிருக்கிறது என்பது நினைவுக்கு வந்தது. அதைத்தான் எழுதுகிறேன். இது அழுகைக்கான கடிதம் அல்ல.

போரும் தடையுமாக, வெளியிலிருந்து எந்தக் கருவியும் வந்துசேராத வருடங்களில் பல்கலைக்கழகத்தில் நாங்கள் ஒன்றாக வேலை செய்தோம். நீர் பௌதிகவியல், நான் கல்லையும் மண்ணையும் படிக்கும் புவிச்சரிதவியல். குருநகர்க் கடற்கரையிலிருந்து நீரும் நீர்வேலி வாழைத்தோட்டத்திலிருந்து நானும் வந்து, ஒரு பழைய ஆய்வுகூட அறையை இரண்டாகப் பிரிக்காமல் ஒன்றாகவே வைத்துக்கொண்டோம். வெள்ளிக்கிழமைகளில் நீர் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தால் நான் யன்னலைத் திறப்பேன்.

“உமக்குச் சைவம் மூக்கிலையும் இருக்கோ?”

“மூக்கிலைதான் தொடங்குது. நீர் கருவாட்டைச் சாப்பிடும், பறவாயில்லை. கதவை மட்டும் சாத்தாதேயும்.”

கிணறு வெட்டும் இடங்களிலிருந்து சுண்ணக்கல் கட்டிகளைக் கொண்டுவந்து, ரோச் லைற் பற்றரி அளவில் உருளைகளாக அறுத்தெடுத்தோம். உருளையைச் சுற்றிச் சைக்கிள் ரியூப்பை இறுக்கமாகப் போர்த்து, அதற்கு வெளியே அழுத்தம் கொடுப்போம். இல்லாவிட்டால் தண்ணீர் கல்லுக்குள் போகாமல் பக்கத்தால் நழுவி ஓடிவிடும். தண்ணீர் ஒரு சேலைன் போத்தலிலிருந்து வரும். காற்று, மீன்தொட்டிக்கு ஊதும் சிறு பம்பியிலிருந்து வரும். அழுத்த வேறுபாட்டைக் காட்டியது, பேனை மை கலந்த தண்ணீர் நிரப்பிய ஒரு வளைந்த கண்ணாடிக் குழாய். பார்வையாளர் எவராவது வந்தால் அந்த மேசையை மூடிவிடலாமா என்று நான் யோசிப்பேன். நீர் மேசை விரிப்பைத் தூக்கிக் காட்டி விளக்கம் சொல்லத் தொடங்குவீர்.

உமது விளக்கம் என்னுடையதைவிடச் சுருக்கமானது என்பதை இப்போது ஒப்புக்கொள்வதில் எனக்கு நட்டமில்லை. ஒரு கல் தனித் தண்ணீரை எவ்வளவு இலகுவாகத் தன்னூடே போகவிடுகிறது என்பது ஓர் அளவு. அதே கல்லின் துளைகளில் காற்றும் குடியிருக்கும்போது தண்ணீரை எவ்வளவு போகவிடுகிறது என்பது இன்னோர் அளவு. பின்னதை முன்னதால் வகுத்தால் கிடைப்பதையே சார்பு ஊடுபுகவிடும் தன்மை என்று நாங்கள் வாய் நிறையச் சொன்னோம். காற்றுக்கும் அப்படி ஒரு பங்கு உண்டு. ஆச்சரியம் என்னவென்றால், இரண்டு பங்குகளையும் கூட்டினாலும் ஒன்று வராது. எப்போதும் குறையும். ஒருவர் வழியை மற்றவர் மறிப்பதால் இருவருக்கும் இல்லாமல் போகும் பகுதி அது.

“கூட்டினால் ஒண்டு வராதாம்,” என்று நீர் ஒரு பார்வையாளருக்குச் சொன்னீர். “எங்கடை அம்மாவும் அப்பாவும் கல்லு இல்லாமலே இதை நிரூபிச்சவை.”

அந்த மனிதர் கொழும்பிலிருந்து வந்த ஒரு பேராசிரியர். சிரிப்பதா வேண்டாமா என்று என் முகத்தைப் பார்த்தார். நான் உதவவில்லை.

அந்த வேலையில் கை வேலை குறைவு, காத்திருப்பு அதிகம். காற்றையும் தண்ணீரையும் ஒரு விகிதத்தில் அனுப்பிவிட்டு, மைக்குழாயின் மட்டம் அசையாமல் நிற்கும்வரை பார்த்திருக்கவேண்டும். நின்றபிறகு கல்லைக் கழற்றித் தராசில் நிறுத்தால், கூடிய நிறை தண்ணீர்; மிச்ச இடம் காற்று. எனக்கு மட்டம் நின்றதாகத் தோன்றும் நேரத்தில் உமக்கு அது ஓடிக்கொண்டிருக்கும். நான் பேனையைத் திறப்பேன். “பொறும். இன்னும் அசையுது,” என்பீர். “எனக்குத் தெரியேல்லை,” என்பேன். “உமக்குத் தெரியாட்டில் அது நிண்டுபோகுமோ?” என்பீர். எத்தனையோ மத்தியானங்கள் இந்த மூன்று வசனங்களிலேயே போயின.

பிறகு வந்தது உமது கத்தோலிக்கக் கோயில் பெருநாள். வெள்ளிக்கிழமை பின்னேரம் உமது தம்பி மோட்டார் சைக்கிளில் வந்து வாசலில் நின்று, “அக்கா, கெதியா வா! சுரூப ஊர்வலம் வெளிக்கிடப் போகுது, அம்மா பேசப்போறா!” என்று கத்தினான். நீர் ஓடினீர். காற்றுப் பம்பியை நிறுத்தியிருந்தீர். சேலைன் சில்லையும் பூட்டிவிட்டதாக நினைத்தீர். அது முழுதாகப் பூட்டுப்படவில்லை. திங்கட்கிழமை நான் வந்து பார்த்தபோது, துளி வருமோ வராதோ என்ற வேகத்தில், ஒரு பக்கத்தால் மட்டும், தண்ணீர் கல்லுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்குத் தொடங்குவதற்கென்று நான் அடுப்பில் வைத்து உலர்த்தி, வெள்ளிக்கிழமையே பொருத்திவைத்த கல் அது.

எனக்கு வந்த கோபத்தை நீர் மறந்திருக்கமாட்டீர். வீணாய்ப்போன கல்லைக் கழற்றி, வெறும் வழக்கத்தினால் தராசில் வைத்தேன். அதுவரை நாங்கள் தண்ணீரை விரைவாகப் பாய்ச்சி நனைத்த எந்தக் கல்லும் அந்த நிறைக்கு வந்ததில்லை. காற்றை முழுவதும் உறிஞ்சி எடுத்த பிறகு நனைத்தால்தான் அவ்வளவு தண்ணீர் ஏறும்.

“தராசு பிழை,” என்றேன்.

நீர் பெருநாள் களைப்போடு வந்து, இன்னொரு கல்லை வைத்துப் பார்த்தீர். “தராசு சரி.”

“அப்ப இது அளவீடு இல்லை. மறதி.”

“மறந்தது நான்தானே? கல்லு ஒண்டையும் மறக்கேல்லை.”

மறுபடி செய்தோம். வேறு வேறு கிணற்றுக் கற்களில் செய்தோம். ஒவ்வொரு முறையும் அதே விடை. உலர்ந்த கல்லை ஒரேயடியாகத் தண்ணீரால் மூடினால், உள்ளே இருக்கும் காற்றுக்கு வெளியேற வழியில்லை. அது துளைகளின் கழுத்துகளில் சிறு குமிழ்களாகச் சிக்கிக்கொள்கிறது. சிக்கிய காற்று கொஞ்சம். அது போடும் தடையோ பெரிது. ஒரு பக்கத்தால் மெல்ல விட்டால், மறு பக்கத்தால் காற்று முன்னே நடந்து போய்விடுகிறது. தண்ணீர் பின்னே வந்து அந்த இடத்தை எடுத்துக்கொள்கிறது.

கட்டுரையை நான் எழுதினேன். நேர்த்தியாகவே எழுதினேன். நீர் வாசித்துவிட்டு ஒரே ஒரு வசனத்தைச் சேர்த்தீர்: குழாய் ஒன்று தவறுதலாகத் திறந்தபடி விடப்பட்டிருந்தது என்று. “இதை எவராவது எழுதுவினமோ?” என்று கேட்டேன். “நடந்தது அதுதானே,” என்றீர். வெளிநாட்டுச் சஞ்சிகை அதைத் திருப்பி அனுப்பியது. அந்த வசனத்தின் கீழ் எவரோ இரண்டு கோடு இழுத்திருந்தார். உள்ளூர் முக்கியத்துவம் மட்டுமே உள்ள ஆய்வு என்றும் ஒரு குறிப்பு. உள்ளூரில் வாழ்கிறவர்களுக்கு அது பெரிய குறையாகப் படவில்லை என்று நீர் சொன்னீர். எனக்கு அது பல வருடங்கள் பட்டது.

உமது கடைசி மாதங்களில் குருநகர் வீட்டுக்கு நான் வந்த ஒரு நாளை எடுக்கிறேன். யன்னலோரக் கட்டிலில் நீர் சாய்ந்திருந்தீர். உமது தம்பியின் மனைவி கஞ்சி கொண்டுவந்தாள்; நீர் அதைக் குடிக்காமல் இருப்பதற்காக என்னோடு கதைத்தீர்.

“நாங்கள் வெளியிலை ஒருக்காவும் செய்து பாக்கேல்லை.”

“எதை?”

“உதைத்தான். கல்லு சொன்னது போதுமெண்டு இருந்திட்டம். தரை என்ன சொல்லுமெண்டு ஆர் கேட்டது?”

“உமக்குக் காய்ச்சல். படும் பேசாமல்.”

“காய்ச்சல் உடம்புக்குத்தான்,” என்றீர். பிறகு கஞ்சியையும் குடித்தீர். தோற்றதாக எனக்குத் தோன்றக்கூடாது என்று பாதியை மீதம் வைத்தீர்.

இனி நீர் அறியாதது.

நான் இப்போது தென்மராட்சியில் பெறாமகள் வீட்டில் இருக்கிறேன். வேலிக்கு அப்பால் பரமேஸ்வரியின் தோட்டம்: மிளகாய், கத்தரி, கொஞ்சம் வெங்காயம். அவளுடைய கிணற்றில்தான் நாங்களும் குடிக்க அள்ளுகிறோம். எங்கள் நிலத்தின் அமைப்பு உமக்குத் தெரியும். நல்ல தண்ணீர் இங்கே உப்புத் தண்ணீரின் மேல் ஒரு மெல்லிய படையாக மிதக்கிறது. மழை அதை நிரப்பாவிட்டால் கீழே இருப்பது மேலே வரும். சில வருடங்களாக ஆவணி பிறந்தால் அந்தக் கிணற்றுத் தண்ணீரில் போட்ட தேநீர் கரித்தது. கத்தரி இலைகள் ஓரத்தில் கருகின. “இந்த வருசமும் உப்பெண்டால் நான் தோட்டத்தை வித்திட்டுத் தமையனோடை வவுனியாவுக்குப் போறன் மிஸ்,” என்று பரமேஸ்வரி வேலிக்கு மேலால் சொன்னாள். அவள் சும்மா சொல்கிறவள் அல்ல. தமையன் வந்து நிலத்துக்கு விலையும் கேட்டுவிட்டுப் போயிருந்தான்.

விசித்திரம் என்னவென்றால், கிணற்றுக்குப் பக்கத்திலேயே ஊர்க்குளம் இருக்கிறது. ஒவ்வொரு மாரியும் அது நிறைகிறது. நிறைவது மட்டுமல்ல, ஒரே இரவில் நிறைகிறது. அது இந்த ஊரின் பெருமை. முதல் பெருமழைக்கு எல்லா வாய்க்கால்களையும் ஒன்றாகத் திறந்துவிடுவார்கள். விடிந்தால் குளம் ததும்பும். அன்றே குளக்கட்டுப் பிள்ளையாருக்குப் பொங்கல். பக்கத்து ஊர்க் குளம் நிறைய ஒரு கிழமை எடுக்கும் என்பதைப் பொங்கல் சோற்றோடு சேர்த்து மென்று மகிழ்வார்கள். அந்தத் தண்ணீரோ பங்குனிவரை வெயிலில் கிடந்து ஆவியாகிப் போகும். கிணறு ஏறாது. குளத்தடிச் சேற்றை வாரிப் பார்த்தார்கள்; அப்போதும் ஏறவில்லை.

ஆகவே குளத்தின் அடியில் ஆழமான துளைகள் போடுவதென்று ஒரு திட்டம் வந்தது. துளையிடும் பொறிக்கு நாளும் குறித்தாகிவிட்டது. அதை விளக்குவதற்காக வாசிகசாலையில் கூட்டம். நான் போகவேண்டியிருக்கவில்லை. போனேன்.

பொறியியலாளர் மரியாதையான மனிதர். படம் போட்டுக் காட்டினார். “குளம் நிறையுது, கிணறு ஏறேல்லை. அப்ப நடுவிலை கல்லு அடைபட்டுப் போச்சு. துளை போட்டால் தண்ணி நேராக் கீழை இறங்கும்.”

“இறங்கும்,” என்றேன் பின்வரிசையிலிருந்து. “பிறகு அதே துளையாலை உப்பு ஏறும். இந்தப் படை எவ்வளவு மெல்லிசு எண்டு உங்கடை படத்திலை இல்லை.”

“மேடம், அப்ப கல்லு அடைச்சிருக்கிறதுக்கு என்ன செய்யிறது?”

“கல்லு அடைபடேல்லை. காத்து அடைச்சிருக்கு.”

மண்டபம் சிரித்தது. ஊர் விவசாயச் சங்கத் தலைவர் பெரிய மனிதர் என்பதால் சிரிக்காமல் தொண்டையைச் செருமினார். முன்வரிசையில் எவரோ, “மிஸ்ஸுக்கு வயசு போட்டுது,” என்றார். “போகத்தான் செய்யும். உமக்கும் போகும். காது மட்டும் எனக்கு இன்னும் போகேல்லை,” என்றேன்.

வீட்டிலிருந்து ஒரு போத்தலும் புனலும் கொண்டுபோயிருந்தேன். போத்தல் வாயில் புனலை இறுக்கிவைத்துத் தண்ணீரை ஒரேயடியாக ஊற்றினேன். புனல் நிறைந்து நின்றது. போத்தல் வெறுமையாக இருந்தது. புனலைச் சற்றே தூக்கிப் பிடித்தேன். கடகடவென்று இறங்கியது. மண்ணெண்ணெய் ஊற்றத் தெரிந்த எந்த வீட்டுக்கும் இது புதிதல்ல. “நிறைஞ்சு நிக்கிற இந்தப் புனல்தான் உங்கடை குளம்,” என்றேன். “எல்லாப் பக்கத்தாலையும் ஒரே இரவிலை மூடுறியள். கீழை இருக்கிற காத்து எங்கை போகும்? ஒரு மூலையாலை மெல்ல விடுங்கோ. மற்றப் பக்கத்தாலை அது வெளிக்கிட்டுப் போகட்டும்.”

பரமேஸ்வரி எழுந்தாள். “மிஸ், ஒரு சொல்லிலை சொல்லுங்கோ. உப்பிடிச் செய்தால் என்ரை கிணறு ஏறுமோ?”

“தெரியாது. ஏறும் எண்டு நினைக்கிறன்.”

“நினைக்கிறதுக்கோ இவ்வளவு படிச்சனீங்கள்?”

இம்முறை தலைவரும் சிரித்தார். பொறியியலாளர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் என்னிடம், இதை நான் எங்கே கண்டுபிடித்தேன் என்று கேட்டார். சஞ்சிகையின் பெயரையோ பரிசோதனை முறையையோ சொல்லியிருக்கலாம். என் வாயில் வந்தது வேறு.

“என்ரை சிநேகிதி ஒருத்தி, குருநகர். கோயில் பெருநாளுக்குப் போற அவசரத்திலை குழாயைப் பூட்ட மறந்திட்டா.”

முன்வரிசை திரும்பிப் பார்த்தது. பிறகு ஒரு கிழவர், “அப்ப உண்மையாத்தான் இருக்கும். பொய் சொல்லுறவை உப்பிடிச் சொல்லமாட்டினம்,” என்றார். கூட்டத்தின் காற்று அந்த இடத்தில்தான் மாறியது. கோடு இழுத்த அந்தச் சஞ்சிகைக்காரர் அங்கே இருந்திருக்கவேண்டும்.

ஒரு மாரி தருவதாகச் சொன்னார்கள். தை பிறந்தும் கிணறு ஏறாவிட்டால் பொறி வரும். தமையனுக்கும் அதே தவணையைப் பரமேஸ்வரி சொன்னாள்.

ஐப்பசியில் மழை வந்தது. தெற்கு வாய்க்காலைத் தவிர மற்றவற்றை மண்மூட்டை அடுக்கி அடைத்திருந்தோம். தண்ணீர் ஒரு மூலையால் புகுந்து, ஒரு பாய் விரிவதுபோலத் தயங்கித் தயங்கிப் பரவியது. விடிய வந்து பார்த்தவர்களின் முகங்களை நான் உமக்கு விவரிக்கத் தேவையில்லை. பக்கத்து ஊரார் மழைக்கோட்டோடு சைக்கிளில் வந்து, குளக்கட்டில் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். “என்ன, உங்கடை குளம் ஓட்டையோ?” என்று ஒருவன் கேட்டானாம். தலைவர் என் வீட்டுப் படலை வாசலில் நின்றார்.

“மிஸ், பிள்ளையாருக்குப் பொங்கல் எப்ப?”

“நிறையேக்கை.”

“என்ரை சீவியத்திலை உப்பிடி ஒரு வெட்கம் நான் படேல்லை.”

“பிள்ளையார் எங்கையும் போகமாட்டார். இருக்கச் சொல்லுங்கோ.”

நான் அவரிடம் காட்டிய உறுதி என்னிடம் இருந்ததாக நீர் நினைக்கவேண்டாம். ரோச் பற்றரி அளவுக் கல்லில் கண்டதை ஒரு குளத்தின் மேல் வைத்துவிட்டேன். கல்லில் இல்லாத வெடிப்புகளும் வேர்களும் எலிப் பொந்துகளும் தரையில் உண்டு. இதெல்லாம் பிழைத்தால் பொறி வரும். பொறி வந்தால் சில வருடங்களில் அந்தக் கிணறு முடியும். பரமேஸ்வரி போய்விடுவாள். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் இருப்பதற்காக வேலிப் பக்கம் போவதைக் குறைத்தேன்.

அவள்தான் என்னைத் தேடி வந்து, குளத்தின் வடக்குப் பக்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். தண்ணீர் இன்னும் தொடாத பக்கம் அது. வெளியே தெரிந்த சுண்ணக்கல் வெடிப்புகளில் மழைநீர் சிறிது தேங்கி நின்றது. அந்தத் தேக்கங்கள் சோறு கொதிப்பதுபோலக் கொப்பளித்துக்கொண்டிருந்தன. ஒரு வறண்ட வெடிப்பின் மேல் அவள் உள்ளங்கையை வைத்தாள். பிறகு என் கையைப் பிடித்து வைத்தாள். மெல்லிய, குளிர்ந்த காற்று ஒரே சீராக வந்துகொண்டிருந்தது.

“மூச்சு விடுது மிஸ்.”

“மூச்சு இல்லை பிள்ளை. இடம் விடுது.”

கையை நான் எடுக்கவில்லை. மழை வலுத்தது ஒரு வசதி. நாங்கள் இருவரும் பல வருடங்களாகக் கண்ணாடிக் குழாயில் அசையும் மையாக மட்டும் கண்டிருந்த ஒன்று, அங்கே என் கையில் படும் காற்றாக வெளியேறிக்கொண்டிருந்தது. நீர் பார்த்திருக்கவேண்டும். இதை ஒரு முறைதான் எழுதுவேன்.

குளம் நிறையக் கார்த்திகை விளக்கீடும் கழிந்துவிட்டது. பொங்கல் பொங்கினார்கள், தலைவர் எனக்கு முதல் இலை போடாமல் இரண்டாவது இலை போட்டார். கிணறு தையில் ஏறியிருந்தது. பங்குனியில் பொறியியலாளர் உப்பை அளக்கும் கருவியோடு வந்து, ஒரு தரம் அளந்து, கருவியைக் கழுவி, இன்னொரு தரம் அளந்தார்; இரண்டு தரமும் உப்புக் குறைவாகவே காட்டியது. “மேடம், மெசின் இப்ப தேவையில்லை எண்டு எழுதிவிடுறன்,” என்றார். அந்த இரண்டாவது அளவுக்காக அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று. பரமேஸ்வரி தமையனுக்குத் தொலைபேசியில் சொன்ன செய்தி வேலி தாண்டிக் கேட்டது: “வரேல்லை அண்ணை. ஓம். தோட்டம் குடுக்கேல்லை. ஓம், யோசிச்சுத்தான் சொல்லுறன். கத்தரிக்குப் பாத்தி கட்டப்போறன், வையுங்கோ.”

ஒரு மாரி ஒரு நிரூபணம் அல்ல. மழையும் கொஞ்சம் கூடுதலாகப் பெய்தது, உப்பு ஏறும் ஆவணி இன்னும் வரவில்லை. இதைச் சொன்னால் ஊரில் ஒருவரும் கேட்பதில்லை. கல்வெட்டு வைக்கலாமா என்றுதான் கேட்கிறார்கள். வேண்டாம் என்றேன். அடுத்த மாரியும் அதற்கடுத்த மாரியும் பார்க்கவேண்டும்.

சித்திரையில், ஓட்டையோ என்று கேட்ட அதே பக்கத்து ஊரார் எங்கள் குளத்தடிக்கு வந்தார்கள். அவர்களுடைய குளத்துக்கும் துளை போடச் சொல்லியிருக்கிறார்களாம். “நாங்களும் ஒரு மூலையாலை விட்டால் சரிதானே மிஸ்?”

“தெரியாது.”

“நீங்களே தெரியாதெண்டால் ஆரிட்டைப் போறது?”

“உங்கடை கல்லு வேறை கல்லு. அதைக் கேக்காமல் நான் எப்பிடிச் சொல்லுறது?” அந்த வாதம் நீண்டது, வெயில் ஏறியது, அதன் முடிவில்தான் ஆஸ்பத்திரி. வீட்டுக்கு வந்த மறுநாள் அவர்கள் ஒரு பெரிய சுண்ணக்கல் கட்டியை மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிக் கொண்டுவந்து முற்றத்தில் இறக்கினார்கள். குளத்தில் கிடந்தபோது எது மேற்பக்கம் என்று கேட்டேன். மூன்று பேரும் மூன்று பக்கத்தைக் காட்டினார்கள். எந்தப் பக்கத்தால் தண்ணீர் இறங்கும் என்று தெரியாத கல்லால் பயனில்லை; திருப்பி அனுப்பிவிட்டேன். பெறாமகள் வெட்கப்பட்டாள். அவர்கள் கோபித்துக்கொண்டு போனார்கள். மூன்றாம் நாள், வேறொரு கட்டியோடு, மேற்பக்கத்தில் பெரிய அம்புக்குறி இட்டு வந்தார்கள்.

கோழிக்கூட்டுப் பக்கத்துச் சிறு கொட்டிலைத் துப்புரவாக்கி மேசை போட்டிருக்கிறேன். இது இரண்டு பேர் செய்யவேண்டிய வேலை. மட்டத்தைப் பார்ப்பதற்கு மட்டுமென்றால் ஒருத்தி போதும். நான் எழுதும் எண்ணை நம்பாத இன்னொருத்தி பக்கத்தில் இல்லாமல், நான் எழுதும் எண்ணை நானும் நம்புவதில்லை. நீர் எனக்கு விட்டுப்போன பழக்கம் அது. எத்தனையோ நல்ல குணங்களுக்கு இடையில் இதை விட்டுப்போயிருக்கிறீர்.

பரமேஸ்வரியைக் கேட்டேன். “எனக்கென்ன தெரியும் மிஸ்? நீங்கள் சொன்னால் சரிதானே,” என்றாள்.

“அப்பிடி நினைக்கிறதெண்டால் வராதேயும். பிழை பிடிக்கிறதெண்டால் வாரும்.”

அவளுக்கு அது பிடிக்கவில்லை. வேலியால் போய்விட்டாள். இன்று காலை, பாத்திக்குத் தண்ணீர் மாறிவிட்டு, சேற்றுக் காலைக் கழுவிக்கொண்டு கொட்டிலுக்குள் வந்தாள். நான் முதல் உருளையைத் தராசில் வைத்து, எண்ணை எழுதப் பேனையைத் திறந்தேன். அவள் குனிந்து, தலையைச் சாய்த்து, மேசையை ஒரு பக்கத்திலிருந்தும் மறு பக்கத்திலிருந்தும் பார்த்தாள்.

“மிஸ், கோவிக்கக்கூடாது. உங்கடை தராசு சாய்ஞ்செல்லோ நிக்குது.”

பார்த்தேன். சாய்ந்துதான் நின்றது. பேனையை மூடிவிட்டு, அவள் இருக்க ஒரு கதிரை எடுத்துப் போட்டேன்.